இயந்திரக் கையும் ஆதிப்புள்ளியும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவது நம் மரபு. இசையும் நாடகமும் இடம் பெறுவதும் மரபு. இம்முறை தொழிற்கூடத்துச் செய்தி ஒன்றைத் தமிழில் கூறுமாறு சங்கத்தார் என்னைப் பணித்தார்கள். அதற்குக் காரணம் உண்டு. தாராவியிலும் செம்பூரிலும் வளரும் நம் பிள்ளைகளிற் பலர் வெல்டிங் கற்கிறார்கள். ஃபிட்டர் வேலை கற்கிறார்கள். அவர்கள் வேலை தேடிச் செல்லும் சாக்கன் தொழிற்சாலைகளிலும், நம் தமிழகத்துத் திருப்பெரும்புதூர்த் தொழிற்சாலைகளிலும், வெல்டிங் துப்பாக்கியைப் பிடித்திருப்பது இன்று பெரும்பாலும் மனிதக் கை அன்று, இயந்திரக் கை. ரோபோ என்று அதனை அழைக்கிறோம். அந்தக் கைக்கு வேலை சொல்லிக் கொடுப்பதன் முதற்பாடத்தை மட்டும் இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். கணக்கைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. மூலைமட்டமும் தூக்குக்குண்டும் அறிந்த எவர்க்கும் இது விளங்கும்.

தாராவி எங்கே இருக்கிறது?

இந்தக் கேள்வியை மாஹிம் நிலையத்தில் இறங்குகிற ஒருவரிடம் கேளுங்கள். "கிழக்கே" என்பார். சயான் நிலையத்தில் இறங்குகிறவரிடம் கேளுங்கள். "மேற்கே" என்பார். இருவரும் உண்மையே பேசுகிறார்கள். இரண்டு இருப்புப் பாதைகளுக்கு நடுவே தாராவி இருக்கிறது. ஒருவர் ஒரு பாதையிலிருந்து அளக்கிறார், மற்றவர் மற்றொரு பாதையிலிருந்து அளக்கிறார். இந்நகரத்தில் முகவரி எழுதும் ஒவ்வொருவரும் இருப்புப் பாதையை நடுக்கோடாக வைத்துக்கொண்டே கிழக்கு, மேற்கு என்று எழுதுகிறோம். எங்கிருந்து அளக்கிறோம் என்பதைச் சொல்லாமல் இடத்தைச் சொல்ல இயலாது. இந்த ஓர் உண்மையே இன்றைய பேச்சின் அடிப்படை.

நேரத்திற்கும் இது பொருந்தும். 1906ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் இந்தியா முழுமைக்கும் ஒரு பொது நேரம் வகுக்கப்பட்டது. அதற்கு முன்னர் நாட்டின் இருப்புப் பாதைகள் சென்னை நேரத்தைப் பின்பற்றி ஓடின. ஆனால் பம்பாய் நகரம் தன் பழைய நேரத்தை எளிதில் விட்டுவிடவில்லை. 1955 வரையில் "பம்பாய் நேரம்" இந்நகரில் வழங்கியது. பொது நேரத்திற்கு அது 39 நிமிடம் பின்தங்கியது. ஒருவர் கடிகாரத்தில் மணி பத்து, மற்றொருவர் கடிகாரத்தில் ஒன்பது இருபத்தொன்று; இரண்டு கடிகாரங்களும் பழுதற்றவையே. எந்தக் கடிகாரம் என்று கேளாமல் புறப்பட்டவர்தான் வண்டியைத் தவறவிட்டார்.

உயரத்தைப் பாருங்கள். ரயில் நிலையப் பெயர்ப் பலகைகளில் கடல் மட்டத்திற்கு மேல் இத்தனை மீட்டர் என்று எழுதியிருப்பதைக் கண்டிருப்பீர்கள். இந்திய நில அளவைத் துறை சராசரிக் கடல் மட்டத்திலிருந்து அளக்கிறது. மும்பை மாநகராட்சியின் வடிகால் பொறியாளரோ டவுன் ஹால் மட்டம் என்னும் வேறோர் அடியிலிருந்து அளக்கிறார். துறைமுகத்தார் கடல் வரைபடத்திற்கென்று மூன்றாவது மட்டம் ஒன்று வைத்திருக்கிறார்கள. ஒரே கல்லுக்கு மூன்று உயரங்கள்! ஒரு வரைபடத்தின் எண்ணை மற்றொரு வரைபடத்தில் அப்படியே எடுத்து எழுதினால், கடலுக்குப் போக வேண்டிய மழைநீர் தெருவுக்குத் திரும்பிவிடும்.

எண்ணுக்கு அடியில் நிற்கும் இந்த அளவுச் சட்டத்தையே கணித நூலார் ஆயச் சட்டகம் என்பர். அளவு தொடங்கும் இடம் ஆதிப்புள்ளி. அதிலிருந்து ஒன்றுக்கொன்று செங்குத்தாகச் செல்லும் மூன்று கோடுகள் எக்ஸ், ஒய், இசட் அச்சுகள். 1637ஆம் ஆண்டு பிரெஞ்சு நாட்டு அறிஞர் டேக்கார்ட் தம் வடிவ கணித நூலில் இதற்கு வித்திட்டார். நம் சிற்பிகளும் தச்சர்களும் சங்கு நட்டுத் திசை கண்டு, நூல் பிடித்து, முளை அடித்து இதே பணியைச் செய்து வந்திருக்கிறார்கள்.

கண்ணில்லாத கை

தொழிற்சாலையில் நிற்கும் இயந்திரக் கைக்குப் பொதுவாக ஆறு மூட்டுகள் உண்டு. தோள் போல, முழங்கை போல, மணிக்கட்டு போல அவை திரும்பும். ஒவ்வொரு மூட்டிலும் அது எத்தனை பாகை திரும்பியிருக்கிறது என்று அளக்கும் கருவி இருக்கிறது. தனியே கேமரா பொருத்தினாலன்றி அதற்குக் கண் இல்லை. ஆகவே அந்தக் கைக்கு உள்ளபடியே தெரிந்தது ஆறு கோணங்கள் மட்டுந்தான். தன் முன்னால் இருப்பது கார்க் கதவா, கற்பாறையா, மனிதத் தலையா என்று அது அறியாது.

அமெரிக்காவின் ஜார்ஜ் டெவால் 1954இல் இத்தகைய பொறிக்குக் காப்புரிமை கோரினார். 1961இல் "யூனிமேட்" என்னும் பெயருடன் அது நியூஜெர்சி மாநிலத்து ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் வேலைக்கு அமர்ந்தது. அந்த முதற்பொறி தன் மூட்டுகள் நின்ற நிலைகளை ஒரு காந்த உருளையில் பதித்துக்கொண்டு, அவற்றையே திரும்பத் திரும்ப நடித்தது. அதற்கு இடம் என்பது தெரியாது. நடிப்பு ஒன்றே தெரியும். வேலைப் பொருள் விரற்கடை நகர்ந்தாலும் பாடம் முழுவதையும் மறுபடி தொடக்கத்திலிருந்து சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது.

மூட்டுக் கோணங்களிலிருந்து கை நிற்கும் இடத்தைக் கணக்கிட, டெனவிட், ஹார்ட்டன்பர்க் என்னும் இருவர் 1955இல் ஒரு முறை வகுத்தார்கள். ஒவ்வொரு மூட்டிலும் ஓர் ஆயச் சட்டகத்தை நட்டு, ஒரு சட்டகத்திலிருந்து அடுத்ததற்குச் செல்ல நான்கே எண்கள் போதும் என்று காட்டினார்கள். கால் முதல் கைநுனி வரையில் சட்டகங்கள் சங்கிலி போலக் கோக்கப்பட்டன. பிற்காலத்து இயந்திரக் கைகள் இடத்தை அறிந்து இயங்குவது இவ்வகைக் கணக்கினால்தான்.

நான்கு சட்டகங்கள்

இன்றைய இயந்திரக் கையை இயக்குவோர் நான்கு சட்டகங்களை மனத்தில் வைத்தல் வேண்டும். முதலாவது உலகச் சட்டகம். தொழிற்கூடத் தரைக்கு உரியது. இரண்டாவது அடிச் சட்டகம். கை தரையில் ஊன்றி நிற்கும் பாதத்திற்கு உரியது. மூன்றாவது கருவிச் சட்டகம். கை பிடித்திருக்கும் வெல்டிங் நுனிக்கோ, பசை ஊசிக்கோ உரியது. நான்காவது வேலைச் சட்டகம்; வேலைப் பொருள் அமர்ந்திருக்கும் மேசைக்கு உரியது.

ஏன் இத்தனை என்று நீங்கள் கேட்கலாம். நிலைக்கதவு செய்யும் தச்சர் தாழ்ப்பாள் துளையைத் தெருக்கோடியிலிருந்து அளப்பதில்லை. கதவின் விளிம்பிலிருந்து அளக்கிறார். அதனால் கதவை எங்கே தூக்கிச் சென்றாலும் துளை தவறுவதில்லை. இயந்திரக் கைக்கும் அவ்வாறே. ஒரு மேசையின்மேல் இருநூறு புள்ளிகளில் வெல்டிங் செய்யப் பாடம் சொல்லியிருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். சரக்கு வண்டி ஒன்று இடித்து மேசை மூன்று மில்லிமீட்டர் நகர்ந்துவிடுகிறது. புள்ளிகளைப் பாதத்திலிருந்து அளந்து பதித்திருந்தால் இருநூறையும் ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டும். இரவு முழுவதும் ஆலை நிற்கும். மேசையின் மூலையிலிருந்து அளந்து பதித்திருந்தாலோ, வேலைச் சட்டகத்தை மட்டும் மூன்று புள்ளிகள் தொட்டு மறுபடி நிறுவினால் போதும். இருநூறு புள்ளிகளும் தாமே உடன் வரும். இரண்டு தொழிலாளர்களின் திறமைக்கு உள்ள வேறுபாட்டை மேலாளர் அந்த ஓர் இரவிலேயே கண்டுகொள்வார்.

பெயர்களில் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். ஏபிபி நிறுவனத்தார் "பேஸ்" என்றால் இயந்திரக் கையின் பாதத்தைக் குறிப்பார்கள். குகா நிறுவனத்தாரோ அதே சொல்லால் வேலைச் சட்டகத்தைக் குறிப்பார்கள். ஃபனுக் நிறுவனத்தார் வேலைச் சட்டகத்தை "யூசர் ஃப்ரேம்" என்பார்கள். சொல் ஒன்று, பொருள் வேறு. ஓர் ஆலையிலிருந்து மற்றோர் ஆலைக்கு மாறும் இளைஞர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுவே.

நுனியைக் கற்பித்தல்

கருவிச் சட்டகத்தை எப்படி நிறுவுவது? கூரிய முனையுள்ள ஊசி ஒன்றை மேசைமேல் அசையாமல் நிறுத்துகிறார்கள். வெல்டிங் நுனியால் அந்த ஊசி முனையைத் தொடச் செய்கிறார்கள். பிறகு கையை வேறு சாய்வில் திருப்பி, அதே முனையை மறுபடி தொடச் செய்கிறார்கள். இவ்வாறு நான்கு வெவ்வேறு சாய்வுகளில் தொட்டால் கணிப்பொறி நுனியின் இடத்தைக் கண்டுவிடுகிறது.

காரணம் எளிது. நுனி ஓரிடத்தில் நிற்க, மணிக்கட்டு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஊசி முனையிலிருந்து அதன் தொலைவு மாறாது. ஆகவே மணிக்கட்டு நின்ற நான்கு இடங்களும் ஓர் உருண்டையின் பரப்பில் அமைகின்றன; உருண்டையின் நடுவே ஊசி முனை. ஒரே தளத்தில் அமையாத நான்கு புள்ளிகள் தெரிந்தால் உருண்டையின் மையம் தெரியும். மணிக்கட்டின் சாய்வும் கணக்கில் சேர்வதால் மூன்று தொடுகைகளே போதும் என்னும் முறையும் உண்டு. எம்முறையாயினும் சாய்வுகள் ஒன்றுக்கொன்று நன்றாக வேறுபட வேண்டும். ஏறத்தாழ ஒரே சாய்வில் நான்கு முறை தொடுவது, ஒரே சாட்சியை நான்கு முறை விசாரிப்பது போன்றது.

இங்கே பிழை ஒளிந்து நிற்கும் விதத்தையும் அறிந்துகொள்ள வேண்டும். நுனியின் அளவில் ஒரு மில்லிமீட்டர் தவறு இருந்தாலும், கையை ஒரே சாய்வில் வைத்து வேலை செய்யும் வரையில் அது தெரியாது. கை எதிர்ப்புறம் திரும்பி வெல்டிங் செய்யும்போது அத்தவறு இரு மில்லிமீட்டராக வெளிப்படும். எனவே சட்டகத்தை நிறுவியவுடன் நுனியை ஊசி முனையில் வைத்து, மணிக்கட்டை மட்டும் பல பக்கமும் திருப்பிப் பார்க்க வேண்டும். நுனி நகராமல் நின்றால் பணி செம்மை. முனையை விட்டு விலகி வட்டமிட்டால் மறுபடி தொடுங்கள்.

மூன்று தொடுகைகள்

வேலைச் சட்டகத்தை நிறுவ மூன்று தொடுகைகள். மேசையின் மூலையில் முதல் தொடுகை: அதுவே ஆதிப்புள்ளி. விளிம்பின் வழியே தொலைவில் இரண்டாவது: அது எக்ஸ் அச்சின் திசை. இரண்டு புள்ளிகளோடு நின்றால், கதவு கீலைச் சுற்றித் திரும்புவதுபோலத் தளம் அந்தக் கோட்டைச் சுற்றித் திரும்பக்கூடும். மேசைப் பரப்பில் அக்கோட்டை விட்டு விலகி மூன்றாவது புள்ளியைத் தொட்டவுடன் தளம் நிலைபெறுகிறது. மூன்றாம் அச்சை நாம் தொட வேண்டியதில்லை. வலக்கை விதி அதனைச் சொல்லிவிடும். வலக்கைப் பெருவிரலை எக்ஸ் என்றும், சுட்டுவிரலை ஒய் என்றும் செங்குத்தாக நீட்டுங்கள்; உள்ளங்கையிலிருந்து எழும் நடுவிரலே இசட். மூன்றாவது புள்ளியைக் கோட்டின் தவறான பக்கத்தில் தொட்டால் இசட் தலைகீழாகிவிடும். "மேலே செல்" என்று நாம் கூற, கை மேசைக்குள் பாயும்.

தொடும் புள்ளிகள் ஒன்றுக்கொன்று தொலைவில் இருத்தல் வேண்டும். நூறு மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு புள்ளிகளைத் தொட்டு, அதில் ஒரு மில்லிமீட்டர் பக்கவாட்டில் பிழை செய்தால், ஆயிரம் மில்லிமீட்டர் தொலைவில் அது பத்து மில்லிமீட்டராக வளர்ந்துவிடும். இடைவெளியை ஆயிரமாக வைத்துத் தொட்டால் அதே பிழை ஒன்றாகவே நிற்கும். மனை அளப்பவர் நூலை நெடுக இழுத்துப் பிடிப்பதன் பொருள் இதுதான்.

இன்னும் ஒன்று. இயந்திரக் கை சென்ற இடத்திற்கே மறுபடி செல்வதில் வல்லது. மயிரிழையளவும் தவறாமல் நிற்கும். ஆனால் கணிப்பொறித் திரையில் வரைந்து கொடுத்த புதிய இடத்திற்கு முதன்முறை செல்லும்போது அதே நுட்பத்தை அதனிடம் எதிர்பார்க்கலாகாது. இரண்டும் வேறு வேறு குணங்கள். ஆகவே அலுவலகத்தில் அமர்ந்து திரையில் பாடம் எழுதுவோர் எத்தனை பேர் வந்தாலும், ஆலைக்குள் சென்று உண்மையான மேசையின் உண்மையான மூலையைத் தொட்டுத் தரும் ஒருவர் வேண்டியிருக்கிறார்.

டிராம்பேயும் கல்பாக்கமும்

செம்பூர்வாசிகளுக்கு இந்தக் கலை அண்டை வீட்டுச் செய்தி. 1954இல் டிராம்பேயில் தொடங்கி, 1967இல் ஹோமி பாபாவின் பெயரைத் தாங்கிய அணு ஆராய்ச்சி மையத்தில், கதிர்வீச்சுள்ள பொருளை மனிதக் கை தீண்டலாகாது. தடித்த சுவருக்கு இப்புறம் மனிதர் ஒரு பிடியை அசைக்க, அப்புறம் ஓர் இரும்புக் கை அதே அசைவைச் செய்யும். 1940களின் இறுதியில் அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வுக்கூடத்தில் ரே கோர்ட்ஸ் என்பார் உருவாக்கிய முறை இது. ஈயக் கண்ணாடி வழியே நேரே பார்க்கும்போது என் வலமும் இரும்புக் கையின் வலமும் ஒன்றாக இருக்கும். எதிர்ப்புறம் வைத்த கேமராவின் வழியே பார்த்தாலோ வலம் இடமாகிவிடும். கையின் சட்டகமும் கண்ணின் சட்டகமும் ஒத்துப் போகாத இடத்தில் அனுபவம் மிக்கவரும் தடுமாறுவர்.

நம் கல்பாக்கத்தைப் பாருங்கள். அங்குள்ள சென்னை அணுமின் நிலையத்தின் முதல் உலை 1983இலும் இரண்டாவது 1985இலும் இயங்கத் தொடங்கின. ஒவ்வோர் உலையிலும் கிடையாக 306 குழாய்கள். ஒவ்வொரு குழாயிலும் 12 எரிபொருள் கட்டுகள். உலை ஓடிக்கொண்டிருக்கும்போதே எரிபொருளை மாற்றும்படி அது அமைக்கப்பட்டது. உலையின் இரு முகங்களிலும் ஒவ்வோர் இயந்திரம் நிற்கும். ஒன்று புதிய கட்டுகளை உள்ளே தள்ள, மற்றது பழையவற்றை அப்புறம் வாங்கிக்கொள்ளும். இரண்டும் ஒரே குழாயின் இரு முனைகளைப் பற்ற வேண்டும். ஆனால் அவை ஒன்றையொன்று நோக்கி நிற்பவை. ஒன்றன் இடம் மற்றொன்றன் வலம். ஆகவே ஒவ்வொரு குழாய்க்கும் வரிசை எழுத்தும் நிரை எண்ணும் கொடுத்து, எந்த முகத்திலிருந்து நோக்கினாலும் பெயர் மாறாதபடி பொதுச் சட்டகம் ஒன்றை வகுத்தார்கள். இயந்திரம் முதலில் ஏறத்தாழ அவ்விடத்திற்குச் செல்லும். பின்னர்க் குழாய் முனையை உணர்ந்து தன்னை நுட்பமாகச் சரிசெய்துகொள்ளும். எண்ணை மட்டும் நம்பாமல் தொட்டுப் பார்த்து உறுதி செய்யும் அந்தப் பண்பு ஒவ்வொரு தொழிலாளிக்கும் பாடம்.

உயிரும் வேலையும்

1979ஆம் ஆண்டு ஜனவரி 25ஆம் நாள், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து வார்ப்பட ஆலை ஒன்றில் இயந்திரக் கை தாக்கித் தொழிலாளி ஒருவர் உயிர் துறந்தார். கண்ணில்லாத கையின் பாதையில் மனிதர் நிற்கலாகாது என்னும் பாடத்தை உலகம் அப்படிக் கற்றது. சட்டகம் தவறினாலும் இதே ஆபத்து உண்டு. இரண்டாம் மேசைக்கு எழுதிய பாடத்தை முதல் மேசையின் சட்டகத்தில் ஓட்டினால், எண்கள் யாவும் சரியாக இருக்கும். கை மட்டும் எதிர்பாராத திசையில் பாயும். அதனால்தான் சட்டகம் மாற்றிய பின் முதல் ஓட்டத்தை மெதுவாக ஓட்டிப் பார்க்க வேண்டும். கையால் இயக்கிப் பாடம் சொல்லும் நிலையில் நொடிக்கு 250 மில்லிமீட்டருக்கு மேல் நுனி நகரலாகாது என்று உலகத் தர விதி வகுத்திருக்கிறது. அவசரக்கார மேற்பார்வையாளர் எவர் சொன்னாலும் அந்த விதியைத் தளர்த்தாதீர்கள்.

இனி, பலர் மனத்தில் உள்ள கேள்விக்கு வருகிறேன். இயந்திரக் கை நம் பிள்ளைகளின் வேலையைப் பறிக்கிறதா? பறிக்கிறது, அதனை மறைத்துப் பயனில்லை. ஒரே வெல்டிங்கை நாள் முழுவதும் போடும் வேலை போய்க்கொண்டிருக்கிறது. ஆனால் "வேலை இங்கே இருக்கிறது, இந்த மூலையிலிருந்து அள" என்று அந்தக் கைக்குச் சொல்ல ஒருவர் வேண்டும். உலோகம் சூட்டில் எந்தப் பக்கம் இழுக்கும், மேசை எங்கே தளரும் என்று அறிந்த வெல்டரே அப்பணிக்கு மிகத் தகுந்தவர். அவரைத் தடுப்பது அறிவுக் குறைவு அன்று. ஆங்கிலக் கையேட்டின் முன் அவர் கொள்ளும் அச்சமே. இன்று இங்கே ஒரு மணி நேரத்துக்குள் தமிழில் நாம் பேசி முடித்ததே அந்தக் கையேட்டின் முதற்பகுதி.

எனவே சங்கத்தாரிடம் என் வேண்டுகோள் ஒன்று. மாலை நேரத்தில், வாரம் இரு நாள், தமிழில் ஒரு வகுப்பு தொடங்குவோம். இயந்திரக் கை உடனே வேண்டியதில்லை. ஒரு மேசை, ஓர் ஊசி, நூலுருண்டை, மூலைமட்டம், கரும்பலகை ஆகியவை போதும். ஒரு புத்தகத்தை முன்பக்கம் ஒரு முறையும் பக்கவாட்டில் ஒரு முறையும் திருப்பி, பிறகு வரிசையை மாற்றித் திருப்பி, முடிவில் அது வேறு விதமாக நிற்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுவோம். திருப்பும் வரிசையும் அளவின் ஒரு பகுதி என்பதை அவர்கள் கையாலேயே அறிவார்கள். ஓய்வு பெற்ற பொறியாளர்கள் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் இருக்கிறார்கள். கற்க விரும்பும் இளைஞர்கள் தாராவியில் இருக்கிறார்கள். இடையே உள்ள தொலைவு சில நிலையங்களே. முதல் வகுப்பை நடத்த நான் அணியமாக இருக்கிறேன். பெயர் கொடுக்க விரும்புவோர் கூட்ட முடிவில் செயலாளரிடம் கொடுக்கலாம்.

நம்மில் மூத்தோர் "ஊருக்குப் போகிறேன்" என்றால் அது திருநெல்வேலியோ தஞ்சையோ சேலமோ ஆகும். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு ஊர் இதுவே. இரண்டு ஆதிப்புள்ளிகளிலிருந்தும் அளக்கத் தெரிந்த பிள்ளைகள் அவர்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றிற்கு நாள்தோறும் மொழிபெயர்த்து வாழ்பவர்கள். அந்தப் பழக்கம் இந்தத் தொழிலில் அவர்களுக்குக் கைகொடுக்கும் என்று நான் நம்புகிறேன்.